ஜிம் தோர்ப்: கூலி வாங்கிய குற்றம்

ராயபுரத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, மாலை வேளைகளில் எங்கள் தெரு ஆண்கள் கூடுமிடம் கடலோரத்து மணல் திட்டுதான். துறைமுகத்தில் மூட்டை சுமந்து திரும்பியவர்கள், விசைப்படகிலிருந்து கரையேறியவர்கள், ஆலையில் முதல் ஷிஃப்ட் முடித்தவர்கள் என எல்லோரும் அங்கே சடுகுடு ஆடுவார்கள். அவர்களுள் பாடிச் செல்வதில் நிகரற்ற ஒருவர் இருந்தார். எங்களுக்கு அவர் அண்ணன். நான்கு பேர் காலையும் இடுப்பையும் கட்டிப் பிடித்த பிறகும் அவர்களை இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். பகலில் துறைமுகத்தில் தினக்கூலி. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை.

பொங்கலை ஒட்டி நடக்கும் போட்டிகளுக்கு வெளியூர் அணிகள் அவரை அழைத்துச் செல்லும். உள்ளூர்க்காரர் மட்டுமே ஆடலாம் என்ற விதி இருந்ததால் வேறொருவர் பெயரில் களமிறங்குவார். ஓர் இரவு ஆட்டத்துக்குக் கிடைத்தது இரண்டு நாள் கூலிக்குச் சமமான பணமும் சாப்பாடும். ஒருமுறை அது வெளியே தெரிந்துவிட்டது. கோப்பை திரும்பப் பெறப்பட்டது. அண்ணன் ஓராண்டு எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது என்று தீர்ப்பானது. பணம் கொடுத்து அழைத்துச் சென்றவர்கள் அடுத்த ஆண்டும் மேடையில் மாலையுடன் அமர்ந்திருந்தார்கள்.

2022 ஜூலையில் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சிறு செய்தியைப் படித்தபோது, பல்லாண்டுகளுக்குப் பிறகு அண்ணன் நினைவுக்கு வந்தார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் இரண்டு போட்டிகளில் அமெரிக்காவின் ஜிம் தோர்ப் மட்டுமே வெற்றியாளர் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அறிவித்திருந்தது. ஓடி வென்று 110 ஆண்டுகள் கழித்து, இறந்து 69 ஆண்டுகள் கழித்து வந்த அறிவிப்பு அது. அவர் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றமும் ஏறத்தாழ அண்ணன் செய்ததுதான். ஒரு வேறுபாடு உண்டு. தோர்ப் பொய்ப் பெயரில் ஆடவில்லை. சொந்தப் பெயரில் ஆடினார்.

இன்றைய ஓக்லஹோமா மாநிலம் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட பிரதேசமாக இருந்த காலத்தில், 1887-இல் அங்கே பிறந்தவர் தோர்ப். சாக் அண்ட் ஃபாக்ஸ் என்னும் பூர்வகுடியைச் சேர்ந்தவர். அவருடைய மக்கள் இட்ட பெயர் வா-தோ-ஹக். ஒளி படர்ந்த பாதை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். இரட்டையராகப் பிறந்தவர்களில் சகோதரன் சார்லி சிறு வயதிலேயே நோயில் இறந்தான். பின்னர்த் தாயும் தந்தையும் அடுத்தடுத்து மறைந்தார்கள்.

பதின்ம வயதில் அவர் சேர்க்கப்பட்ட இடம் பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் இருந்த பூர்வகுடித் தொழிற்பள்ளி. பழைய ராணுவக் குடியிருப்பில் 1879-இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. சேர்ந்த அன்றே பிள்ளைகளின் நீண்ட தலைமுடி வெட்டப்படும். தாய்மொழியில் பேசத் தடை. ராணுவச் சீருடை, அணிவகுப்பு. பூர்வகுடியின் அடையாளத்தை அழித்து வெள்ளையரைப் போன்ற ஒருவரை உருவாக்குவதே பள்ளியின் வெளிப்படையான நோக்கம். மாணவர்கள் வெள்ளையரின் பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் சொற்பக் கூலிக்கு வேலை செய்ய அனுப்பப்பட்டார்கள். தோர்ப்பும் அவ்வாறு பண்ணையில் உழைத்தவர்.

அந்தப் பள்ளிக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. இங்கே கால்பந்து என்பது நம் வியாசர்பாடிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைவரை கொண்டுசெல்லும் அமெரிக்கக் கால்பந்து. நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜமாவது முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை வாங்கிக்கொண்டு மனிதச் சுவரைப் பிளந்து ஓடுபவருக்கு இன்று ரன்னிங் பேக் என்று பெயர். அக்காலத்தில் ஹாஃப் பேக் என்பார்கள். ஒருவகையில் சடுகுடுவில் பாடிச் செல்பவரின் வேலைதான் அது. எல்லோரும் அவரைப் பிடிக்கவே நிற்கிறார்கள். பிடித்த பின்னும் அவர் நகர வேண்டும். எத்தனை முறை தப்பினாலும் ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் பெரும்பாலும் உடல் தரையில் மோதும்.

கார்லைல் அணியின் ஹாஃப் பேக்கான தோர்ப், ஓடினார், உதைத்தார், எதிராளியைப் பிடித்து வீழ்த்தவும் செய்தார். 1911-இல் நாட்டின் வலிமை மிக்க அணிகளுள் ஒன்றான ஹார்வர்டை கார்லைல் 18-15 என்ற கணக்கில் வென்றது. காலில் கட்டுடன் ஆடிய தோர்ப் நான்கு முறை பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்தினார். மறு ஆண்டு வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி அணி 27-6 என்று தோற்றது. பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஐசனோவர் அன்று ராணுவ அணியில் ஆடிய இளைஞர். ஊண்டட் நீ என்னுமிடத்தில் அமெரிக்க ராணுவம் பூர்வகுடிகளைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டுக் கொன்று அப்போது 22 ஆண்டுகளே ஆகியிருந்தன. ராணுவத்தை ஆடுகளத்தில் எதிர்கொண்ட அந்தப் பிள்ளைகளுக்கு அது வெறும் ஆட்டமாக இருந்திருக்க முடியாது.

அந்த இரு பருவங்களுக்கும் இடையே வந்ததுதான் 1912 கோடையின் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். ஐந்து போட்டிகள் அடங்கிய பென்டத்லானில் நான்கில் தோர்ப் முதலிடம் பெற்றுத் தங்கம் வென்றார். பத்துப் போட்டிகள் அடங்கிய டெகத்லானிலும் தங்கம். காணாமற்போன காலணிகளுக்குப் பதிலாகக் கிடைத்த பொருந்தாத இரு காலணிகளை அணிந்து அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. அவர் நாடு திரும்பியபோது நியூயார்க் நகரம் தெருவெங்கும் திரண்டு வரவேற்றது. அந்த நாட்டில் பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன.

1913 ஜனவரியில், மாசசூசெட்ஸ் மாநில நாளிதழ் ஒன்றில் செய்தி வந்தது. 1909, 1910 கோடைகளில் தோர்ப் வடக்கு கரோலினாவில் சிறிய பேஸ்பால் அணிகளில் பணம் பெற்று ஆடினார் என்பதே அது. செய்தி உண்மைதான். பள்ளி விடுமுறையில் பண்ணை வேலைக்குப் போவதற்குப் பதில் அவர் பந்தாடப் போனார். கிடைத்தது கைச்செலவுக்குப் போதுமான சொற்பத் தொகை. அதே கோடைகளில் வசதியான வீட்டுக் கல்லூரி மாணவர்கள் பலரும் அவ்வாறே ஆடினார்கள். ஆனால் புனைபெயரில் ஆடினார்கள். மறைக்க வேண்டும் என்று தோர்ப்புக்குச் சொல்லித்தர ஆளில்லை.

அமெரிக்க அமெச்சூர் தடகளச் சங்கம் அவர் தகுதியைப் பறித்தது; சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி பதக்கங்களைத் திரும்பப் பெற்றது. போட்டி முடிந்து 30 நாள்களுக்குள் ஆட்சேபம் எழுப்பப்பட வேண்டும் என்று ஸ்டாக்ஹோம் விதிகளே கூறின. செய்தி வந்ததோ ஆறு மாதங்கள் கழித்து. விதியை மீறியவரைத் தண்டிக்க விதியே மீறப்பட்டது. அவருடைய பயிற்சியாளர் பாப் வார்னரும் பள்ளி நிர்வாகமும் தமக்கு எதுவும் தெரியாது என்றார்கள். அறியாமையால் தவறிழைத்த பூர்வகுடி மாணவன் என்று தோர்ப் தம்மைத் தாமே தாழ்த்திக்கொண்டு மன்னிப்புக் கேட்கும் கடிதம் ஒன்று வெளியிடப்பட்டது. அதை எழுதியதில் வார்னரின் கை இருந்தது என்பது பரவலான கருத்து. வார்னரின் புகழுக்கு ஒரு குறையும் நேரவில்லை. பொங்கல் போட்டி மேடையில் மாலையுடன் அமர்ந்திருந்தவர்களை நான் எண்ணிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

விளையாட்டில் பணம் புகக் கூடாது என்ற இந்த விதி எங்கிருந்து வந்தது? 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கனவான்களிடமிருந்து. ஹென்லி படகுப் போட்டியின் விதிகள், பந்தயப் பணம் பெற்றவரை மட்டும் விலக்கவில்லை. கைவினைஞர், இயந்திரத் தொழிலாளர், கூலி உழைப்பாளர் எவரும் அமெச்சூர் அல்லர் என்று அறிவித்தன. உடலால் உழைப்பவருக்கு ஏற்கெனவே பயிற்சி இருக்கிறதாம். அது நியாயமற்ற சாதகமாம். அந்த அளவுகோலின்படி எங்கள் மணல் திட்டில் ஆடிய ஒருவர்கூடத் தேறமாட்டார். மறுபுறம், ஸ்டாக்ஹோமில் நவீன பென்டத்லானில் பங்கேற்ற அமெரிக்க ராணுவ அதிகாரி ஜார்ஜ் பேட்டன் அரசுச் சம்பளம் பெற்றுக்கொண்டே குதிரையேற்றமும் வாள்வீச்சும் பழகியவர். அவர் அமெச்சூர். கோடையில் பந்தாடிச் சில டாலர் பெற்ற அநாதை மாணவன் அமெச்சூர் அல்லன். களங்கம் பணத்தில் இல்லை. அது யாருக்குத் தேவைப்பட்டது என்பதில் இருந்தது.

இந்தத் தண்டனைதான் தோர்ப்பை முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரராக்கியது. 1913-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியில் சேர்ந்தார். பேஸ்பாலின் உயர்நிலை அணிகளில் 1919 வரை ஆடினார். ஆனால் வரலாறு அவரை நினைவுகூர்வது கால்பந்துக்காக. 1915-இல் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் புல்டாக்ஸ் அணி ஓர் ஆட்டத்துக்கு 250 டாலர் என்று அவரை ஒப்பந்தம் செய்தது. அப்போது அது மலைக்கவைக்கும் தொகை.

கேன்டன், மாசிலான் போன்ற ஊர்கள் ஆலைகளால் வளர்ந்தவை. அமெரிக்கக் கால்பந்தின் பெருமையெல்லாம் அக்காலத்தில் பல்கலைக்கழகங்களுக்கே உரியது. பணத்துக்கு ஆடுவது கௌரவக் குறைவாகக் கருதப்பட்டது. ஆலை ஊர்களில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழில்முறை ஆட்டம் நடந்தது. வாரமெல்லாம் உழைத்தவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வளர்ந்த எவருக்கும் அந்த ஞாயிறு மாலைகளைக் கற்பனை செய்துகொள்வது கடினமன்று. தோர்ப் வந்ததும் கூட்டம் பல மடங்கு பெருகியது. 1916, 1917, 1919 ஆண்டுகளில் கேன்டன் வாகை சூடியது.

1920-இல் அதே கேன்டனில், ஒரு மோட்டார் கார் விற்பனைக் கூடத்தில் அணி உரிமையாளர்கள் கூடித் தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இருப்பவர்களில் எல்லோரும் அறிந்த பெயர் ஒன்றே என்பதால், ஆடிக்கொண்டிருந்த தோர்ப்பையே முதல் தலைவராக்கினார்கள். இரண்டாண்டுகளில் அச்சங்கம் நேஷனல் ஃபுட்பால் லீக் என்று பெயர் மாறியது. இன்று உலகிலேயே மிகுந்த வருவாய் ஈட்டும் விளையாட்டு அமைப்பாகச் சொல்லப்படுவது அதுதான்.

ஆயினும் ரன்னிங் பேக்கின் உடல் அதிக காலம் தாங்காது. முப்பதைக் கடந்த தோர்ப் அணிவிட்டு அணி மாறினார். 1922, 1923 பருவங்களில் ஊராங் இந்தியன்ஸ் என்னும் அணியை வழிநடத்தினார். ஆட்டக்காரர்கள் அனைவரும் பூர்வகுடிகள். ஏர்டேல் ரக நாய்களை விற்ற வணிகர் ஒருவர் தம் வியாபாரத்துக்கு விளம்பரமாக நடத்திய அணி அது. இடைவேளையில் ஆட்டக்காரர்கள் ஓய்வெடுக்கவில்லை. பூர்வகுடி உடையில் நடனமாடினார்கள். நாய்களைக் கொண்டு வித்தை காட்டினார்கள். பள்ளியில் எந்த அடையாளம் அவர்களிடமிருந்து வெட்டி எறியப்பட்டதோ, அதே அடையாளம் இப்போது வேடமாக்கி விற்கப்பட்டது. 1928-இல் சிகாகோ கார்டினல்ஸ் அணிக்காகத் தம் 41-ஆவது வயதில் கடைசியாக ஆடி ஓய்ந்தார்.

அடுத்த ஆண்டு பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியது. ஓய்வூதியமோ காப்பீடோ இல்லாத காலம். தோர்ப் லாஸ் ஏஞ்சலிஸில் மண்வெட்டி பிடித்துக் கூலி வேலை செய்தார். ஹாலிவுட் படங்களில் கூட்டத்தில் ஒருவராக நடித்தார். அங்கும் பூர்வகுடிப் பாத்திரங்களைப் பூர்வகுடிகளுக்கே தர வேண்டும் என்று குரல் கொடுத்தார் என்பது அவர் வாழ்வில் அதிகம் பேசப்படாத பக்கம். 1932-இல் அதே நகரில் ஒலிம்பிக் நடந்தபோது டிக்கெட் வாங்கப் பணமில்லாமல் இருந்தார். செய்தி பரவியதும், தாமும் பூர்வகுடி வழிவந்தவரான துணை அதிபர் சார்லஸ் கர்டிஸ் அவரை அழைத்துத் தம்முடன் அமரவைத்தார். அரங்கம் எழுந்து கைதட்டியது.

1950-இல் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய வாக்கெடுப்பில், நூற்றாண்டின் முதற்பாதியின் தலைசிறந்த தடகள வீரராக விளையாட்டுச் செய்தியாளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மறு ஆண்டு, பர்ட் லங்காஸ்டர் நடிப்பில் அவர் வாழ்க்கை திரைப்படமானது. அதே ஆண்டு உதட்டுப் புற்றுநோய்க்குத் தர்ம சிகிச்சை பெறும் நிலையில் அவர் இருந்தார். 1953 மார்ச் 28 அன்று, கலிஃபோர்னியாவில் தாம் வசித்த நடமாடும் வீட்டில் மாரடைப்பால் இறந்தார்.

இறந்த பின்பும் அவருக்கு அமைதி கிட்டவில்லை. ஓக்லஹோமாவில் உறவினர்கள் தம் வழக்கப்படி இறுதிச் சடங்கு நடத்திக்கொண்டிருந்தபோது, மூன்றாம் மனைவி உடலை எடுத்துச் சென்றார். பென்சில்வேனியாவில் நிலக்கரித் தொழில் நலிந்து வாடிய இரண்டு சிற்றூர்கள், சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்ற நம்பிக்கையில், ஒன்றிணைந்து 1954-இல் தங்கள் பெயரையே ஜிம் தோர்ப் என்று மாற்றிக்கொண்டு அந்த உடலைப் பெற்றன. தந்தையை மூதாதையர் மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும் என்று மகன்கள் நடத்திய வழக்கு, 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்ததோடு முடிந்தது. இன்றும் அவர் அங்கேதான் இருக்கிறார்.

பதக்கங்களின் கதை இன்னும் நீண்டது. தோர்ப்புடன் ஸ்டாக்ஹோமில் போட்டியிட்டுப் பின்தங்கிய ஏவரி பிரண்டேஜ், 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்தார். அவர் இருந்தவரை பரிவு காட்டப்படவில்லை. 1982-இல்தான் கமிட்டி மனம் இறங்கியது. அப்போதும் தோர்ப்பை இணை வெற்றியாளர் என்றே அறிவித்தது. 1983 ஜனவரியில் பதக்கங்களின் நகல்கள் அவர் பிள்ளைகளிடம் தரப்பட்டன. ஒன்பதே ஆண்டுகளில், 1992 பார்சிலோனாவில், கோடிகளில் ஊதியம் பெறும் கூடைப்பந்து வீரர்களை அதே ஒலிம்பிக் இருகரம் நீட்டி வரவேற்றது. பணம் பெரிதானதும் களங்கம் மறைந்துவிட்டது. தனி வெற்றியாளர் என்ற உரிமை திரும்ப மேலும் 30 ஆண்டுகளாயின.

இந்தக் கதையை நான் எழுதுவது தொலைதூரத்து அநீதி ஒன்றுக்கு இரங்குவதற்காக மட்டும் அன்று. வடசென்னையில் விளையாட்டு என்பது எப்போதும் பிழைப்போடு சேர்ந்தே இருந்திருக்கிறது. குத்துச்சண்டைப் பரம்பரைகள் டிக்கெட் போட்டே மோதின. கால்பந்தும் கைப்பந்தும் சடுகுடுவும் ஆடிய இளைஞர்கள் பலர் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ ஐ.சி.எஃப்.பிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் முழங்காலைத் தேய்த்தார்கள். அதில் இழிவு ஏதுமில்லை. ஆட்டக்காரரின் உடலே அவர் கருவி. அதன் ஆயுள் பத்தாண்டு. மீதி வாழ்வுக்கு நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் உறுதி என்பது, தோர்ப்புக்கு அமெரிக்கா கொடுக்கத் தவறிய ஒன்று. அதை நம் பொதுத்துறை ஓரளவேனும் கொடுத்தது. இன்று நிரந்தரப் பணியிடங்கள் சுருங்கி ஒப்பந்த முறை பெருகும்போது, அந்த வாசலும் குறுகுகிறது. 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீகின் ஏலத்தில் சிலருக்குக் கோடிகள் கிடைக்கலாம். கோயில் திருவிழாப் போட்டியில் முழங்கால் முறிந்தவருக்கு மருத்துவச் செலவு யார் பொறுப்பு என்பதற்கு இன்னும் விடையில்லை. போட்டி நடத்துவோர் பரிசுத் தொகையை அறிவிக்கும் சுவரொட்டியிலேயே காப்பீட்டையும் அறிவிக்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கினால், அது ஒரு தொடக்கமாக இருக்கும்.

2028-இல் ஒலிம்பிக் மீண்டும் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வருகிறது. ஆளைப் பிடித்து வீழ்த்தாமல், இடுப்பில் கட்டிய கொடியைப் பறிக்கும் வகை அமெரிக்கக் கால்பந்து முதன்முறையாக அதில் இடம்பெறுகிறது. தொழில்முறை வீரர்களும் ஆடுவதற்குப் பேச்சு நடந்திருக்கிறது. டிக்கெட் வாங்க வழியில்லாமல் தோர்ப் நின்ற நகரம் அது.

அண்ணன் முழங்கால் போன பிறகு மீன் அங்காடியில் ஐஸ் உடைக்கும் வேலை செய்தார். அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, எங்கள் பகுதியில் அவர் நினைவாகச் சடுகுடுப் போட்டி ஒன்றை நடத்தத் தொடங்கினார்கள். முதல் ஆண்டு நானும் போயிருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் பெரிய பதாகையில் அவர் படம். கோப்பையில் அவர் பெயர். எவர் எவர் பெயரிலோ ஆடியவரின் சொந்தப் பெயரை ஒரு கோப்பையில் நான் பார்த்தது அன்றுதான். அவர் மனைவியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போக வேண்டும் என்று ஆட்டம் முடியும் முன்பே கிளம்பிவிட்டார்.